இரண்டு மணிக்கு இடது பக்கம்

அம்மாவின் பால் கணக்கு நோட்டு ஒன்று என்னிடம் இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து புரட்டினால் பால் கணக்கு: காலையில் அரை லிட்டர், மாலையில் கால் லிட்டர், மாதக் கடைசியில் கூட்டல். தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து புரட்டினால் வேறொரு கணக்கு. ‘2 மணி இடது. 4 மணி வலது. 6 மணி மல்லாக்க. கஞ்சி அரை டம்ளர். வெளிக்கிப் போகலை, ரெண்டு நாளாச்சு.’ 1991 ஐப்பசியில் அப்பத்தாவுக்கு வாதம் அடித்து வலது கையும் காலும் விழுந்துபோயின, பேச்சும் குழறிப்போனது. 1997 வரை படுக்கையில் கிடந்தாள். இந்த மாதிரி ஏழெட்டு நோட்டுகள் இருந்திருக்கும். பழைய பேப்பர்க்காரரிடம் போனது போக மிஞ்சியது இது ஒன்றுதான். 1994 சித்திரையில் தொடங்கி மறு வருஷம் மாசி வரை போகிறது.

படுத்த படுக்கையானவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடாவிட்டால் இடுப்பெலும்பிலும் குதிகாலிலும் புண் வந்துவிடும் என்று ஒரு நர்ஸ் சொல்லியிருந்தார். எப்படிப் புரட்டுவது என்பதை அம்மா தானாகவே கண்டுபிடித்தாள். அப்பாவின் பழைய வேட்டியை நாலாக மடித்து அப்பத்தாவின் முதுகிலிருந்து தொடை வரை கீழே விரித்திருப்பாள். ஒரு முட்டியைக் கட்டில் விளிம்பில் ஊன்றி, வேட்டியின் அந்தப் பக்கத்து ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, மூச்சை இழுத்துக்கொண்டு ஒரே இழுப்பு. பிறகு முதுகுக்கு ஒரு தலையணை, முட்டிகளுக்கு நடுவே ஒன்று, கணுக்காலுக்குக் கீழே குதிகால் படாமல் சுருட்டிய துண்டு. முதுகை வெந்நீர்த் துணியால் துடைத்து, ஈரம் போக ஒற்றி, சிவந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பாள். இதெல்லாம் சேர்ந்து ஐந்தாறு நிமிடம். இரவு பகல் என்று பார்க்காமல் ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை.

அப்பத்தாவின் ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் நோட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ‘உடன் இருப்பவர்’ என்ற இடத்தில் எல்லாவற்றிலும் ‘மருமகள்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். அம்மாவின் பெயர் ஒன்றிலும் இல்லை.

நம் மொழியில் இந்த வேலைக்கு வினைச்சொல் உண்டு: பார்த்துக்கொள்வது. ‘அம்மாவ யாரு பாத்துக்கறா?’ ‘சின்னவன் வீட்லதான் பாத்துக்கறாங்க.’ இதைச் செய்கிறவருக்குத்தான் வழக்கில் பெயர் இல்லை. ‘பராமரிப்பாளர்’ என்பது அரசாணைகளிலும் கருத்தரங்கு அழைப்பிதழ்களிலும் வருகிற சொல். கட்டிலருகே நிற்கிற எந்தப் பெண்ணும் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டு நான் கேட்டதில்லை. அவர்கள் மகள், மருமகள், பெண்டாட்டி. உறவின் பெயரே வேலையின் பெயராக இருப்பதால் அது வேலை என்று யாருக்கும் படுவதில்லை, அவர்களுக்கே படுவதில்லை.

பெயரில்லாததை எண்ணுவதும் கடினம். மத்தியப் புள்ளியியல் அமைச்சகம் 2019இலும் 2024இலும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. 2024 கணக்குப்படி 15 முதல் 59 வயதுள்ள பெண்களில் 41 விழுக்காட்டினர் தம் வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடுகிறார்கள், நாளொன்றுக்கு ஏறக்குறைய 140 நிமிடம். அதே வயது ஆண்களில் 21.4 விழுக்காட்டினர், 74 நிமிடம். குழந்தை வளர்ப்பும் இதில் அடக்கம். பெரிய, பயனுள்ள கணக்கெடுப்புதான். ஆனால் அது செய்யப்படும் முறையைப் பாருங்கள். முந்தைய நாள் அதிகாலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணி வரையிலான நேரத்தை அரை மணிக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பத்து நிமிடமோ அதற்கு மேலோ செய்த வேலைகளை மட்டும் குறித்துக்கொள்கிறார்கள். அம்மாவின் ‘2 மணி இடது’ ஐந்தாறு நிமிடம். அது எந்தக் கட்டத்திலும் ஏறாது. அடுப்படியில் நின்றபடியே கூடத்துக் கட்டிலின் முனகலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தது, அதற்காக மிக்ஸியைப் போடாமல் அம்மியிலேயே அரைத்தது, கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காராமல் திரும்பி வந்தது இவையும் ஏறாது.

இந்த வேலை செய்கிறவர்களுக்கு என்ன ஆகிறது என்று ஆராய்ச்சியாளர்களும் கேட்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டீவன் ஸாரிட்டும் உடன் ஆய்வாளர்களும் 1980இல் வெளியிட்ட கட்டுரை ஒரு தொடக்கப் புள்ளி. முதுமை மறதி நோயாளிகள் 29 பேர், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் 29 பேர். பார்த்துக்கொள்கிறவர்களிடம் 29 கேள்விகள். இது பின்னாளில் 22 கேள்விகளாகச் சுருங்கி, ‘ஸாரிட் சுமை அளவுகோல்’ என்ற பெயரில் உலகமெங்கும் இன்றுவரை பயன்படுகிறது. மருத்துவ உலகம் அளவுகோலை எடுத்துக்கொண்டது. அந்தச் சின்ன ஆய்வின் முடிவை அந்த அளவுக்கு நினைவில் வைத்துக்கொள்ளவில்லை என்பது என் வருத்தம். நோய் முற்ற முற்றச் சுமையும் ஏறும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். நோயாளியின் மறதியோ தொல்லைதரும் நடத்தையோ சுமையின் அளவைத் தீர்மானிக்கவில்லை என்று அவர்கள் கண்டார்கள். ஆராய்ந்தவற்றில் ஒன்றே ஒன்றுதான் கணிசமாகத் தொடர்புபட்டது: மற்ற உறவினர்கள் எவ்வளவு அடிக்கடி வந்துபோகிறார்கள் என்பது. வருகை கூடினால் சுமை குறைந்தது.

இதைப் படித்தபோது நோட்டை எடுத்து மறுபடி பார்த்தேன். வரிசையாக மணிக் குறிப்புகள் போகிற பக்கங்களுக்கு நடுவே சில நாட்கள் வெறுமையாக இருக்கின்றன. அந்த நாட்களில் ஒரே ஒரு வரி: ‘மதினி வந்தாக.’ அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, காரைக்குடியிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பஸ் பிடித்து வருவார். வந்ததும் பையை வைத்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ‘நீ போ, தலைக்கு எண்ணெய் வச்சுக் குளி. எங்காத்தாள நான் பாத்துக்கறேன்’ என்பார். அம்மா குளித்துவிட்டு வந்து பகலில் தூங்குவாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் சாம்பிராணி வாசம் அடிக்கும். அப்பத்தாவின் நோய் அந்த இரண்டு நாளும் அப்படியேதான் இருந்தது.

29 பேரை வைத்து ஒரு முடிவுக்கு வரலாமா என்று கேட்பது நியாயம். பிறகு வந்த பெரிய ஆய்வுகளிலும் இதே இழை தென்படுகிறது. 1998இல் கொச்சியில் நடந்த அல்சைமர் மாநாட்டில் பிறந்தது ‘10/66’ ஆய்வுக்குழு. உலகின் மறதி நோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருக்க, ஆய்வுகளில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றியது இல்லை என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். 2004இல் அவர்கள் இந்தியா உட்படப் பல நாடுகளில் 24 மையங்களில், 706 பராமரிப்பாளர்களிடம் திரட்டிய தகவல்களை வெளியிட்டார்கள். கூட்டுக்குடும்பம் இருப்பதால் நம்மூரில் முதியோரைப் பார்த்துக்கொள்வது பாரமாகத் தெரிவதில்லை என்று மேடைதோறும் பேசப்படுகிறதே, அந்த நம்பிக்கையை இந்த ஆய்வு சோதித்துப் பார்த்தது. பராமரிப்பவர்களின் மன அழுத்தம் பணக்கார நாடுகளில் இருந்த அளவுக்குக் குறையாமல் இங்கேயும் இருந்தது. வீட்டில் ஆள் அதிகமாக இருந்த இடங்களில் மட்டும் அழுத்தம் சற்றுக் குறைந்தது. பலர் வேலையைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள், மருத்துவச் செலவு வேறு ஏறியிருந்தது.

அதே குழுவைச் சேர்ந்த மனநல மருத்துவர் கே. எஸ். ஷாஜி திருச்சூர்ப் பக்கத்துக் குடும்பங்களோடு பேசி 2003இல் எழுதிய கட்டுரையில் நம் வீடுகளை அப்படியே பார்க்கலாம். பார்த்துக்கொண்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பலர் மருமகள்கள். மறதி ஒரு நோய் என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சாப்பிட்ட கிழவி ‘எனக்குச் சோறே போடல’ என்று வாசலில் உட்கார்ந்து சொல்லும்போது தெரு அதை நம்பியது. மாமியார் வேண்டுமென்றே செய்கிறார் என்று மருமகளும் நினைத்தாள். நோயின் பெயர் தெரியாதது எவ்வளவு பெரிய துன்பம் என்பது இங்கே புரிகிறது. அதைச் சொல்ல ஊசியோ மருந்தோ வேண்டியதில்லை, வீட்டுக்கு வந்து அரை மணி உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும்.

உடம்புக்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்லும் ஆய்வுகளில் மறக்க முடியாத ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஜானிஸ் கீகோல்ட்-கிளேசரின் குழு, மறதி நோய் உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களையும் அதே வயதும் வருமானமும் உள்ள வேறு 13 பெண்களையும் அழைத்து, எல்லோர் கையிலும் மூன்றரை மில்லிமீட்டர் அளவுக்குச் சிறு காயம் ஏற்படுத்தியது. மற்றவர்களுக்குக் காயம் ஆறச் சராசரி 39 நாள். பார்த்துக்கொள்கிற பெண்களுக்கு ஏறக்குறைய 49 நாள். 1995இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. அரிவாள்மனையில் வெட்டிக்கொண்ட அம்மாவின் விரல் நாள்கணக்கில் ஆறாமல் துணி சுற்றியே கிடந்ததை நினைத்துக்கொண்டேன். அது ஈரக் கை என்றுதான் அப்போது சொன்னார்கள்.

1999இல் ரிச்சர்ட் ஷுல்ஸும் ஸ்காட் பீச்சும் இன்னும் கடுமையான செய்தி ஒன்றைச் சொன்னார்கள். வயதான கணவனையோ மனைவியையோ பார்த்துக்கொள்ளும் 392 பேரை, அப்படிப்பட்ட பொறுப்பில்லாத 427 பேரோடு ஒப்பிட்டு நான்கு ஆண்டுகள் கவனித்தார்கள். பராமரிப்பில் மன உளைச்சலுக்கு ஆளானவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 63 விழுக்காடு அதிகமாக இருந்தது. இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு, பார்த்துக்கொள்வதே ஆளைக் கொல்லும் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதே ஆய்வில், பார்த்துக்கொண்டும் உளைச்சல் இல்லாதிருந்தவர்களுக்கு அந்தக் கூடுதல் ஆபத்து தெரியவில்லை. 2013இல் டேவிட் ராத் குழு மூவாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடும்பப் பராமரிப்பாளர்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, அவர்கள் மற்றவர்களைவிட நீண்டகாலம் வாழ்கிறார்கள் என்றே கண்டது. இறப்பு விகிதம் 18 விழுக்காடு குறைவு. முரண்பாடு போலத் தெரிந்தாலும் எனக்கு இது ஒரே செய்தியாகப் படுகிறது. தனக்கு வேண்டியவரைக் கவனித்துக்கொள்வதில் மனுஷருக்கு ஒரு தெம்பும் கிடைக்கிறது. அப்பத்தாவின் நரைமுடியைச் சிக்கெடுத்துப் பின்னிவிட்ட சாயங்காலங்களை அம்மா இன்றும் சந்தோஷமாகவே சொல்கிறாள். மாற்றிவிட ஆளில்லாமல், கேட்க நாதியில்லாமல் அதே வேலையைச் செய்யும்போதுதான் உடம்பு விழுகிறது.

அப்படியானால் யாராவது வந்துபோவதை ஒரு மருந்தைப் போலத் திட்டமிட்டுத் தர முடியுமா? நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மேரி மிட்டல்மன் 1987 முதல் அதைத்தான் முயன்றார். மறதி நோயாளிகளின் கணவன் அல்லது மனைவியர் 406 பேரில் பாதிப் பேருக்குக் கூடுதல் ஆதரவு தரப்பட்டது. இரண்டு தடவை தனியாக ஆலோசனை. நான்கு தடவை மொத்தக் குடும்பத்தையும் உட்காரவைத்துப் பேச்சு. அதன்பிறகு வாரக் கூட்டமும், வேண்டும்போது தொலைபேசி உதவியும். அந்த நான்கு குடும்பக் கூட்டங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. ‘எல்லாம் அக்கா பாத்துக்குவா’ என்று ஒதுங்கியிருக்கும் தம்பிமார் எதிரே, அக்காவுக்கு என்ன தேவை என்று வெளியாள் ஒருவர் எடுத்துச் சொல்கிறார். ஆதரவு பெற்றவர்கள் நோயாளியை விடுதியில் சேர்ப்பதைச் சராசரியாக 557 நாள் தள்ளிப்போட முடிந்தது என்று 2006இல் கணக்கிட்டார்கள். அதற்கான காரணங்களில் ஒன்று, தமக்குக் கிடைத்த உறவு நட்பு ஆதரவில் அவர்களுக்கு ஏற்பட்ட நிறைவு.

நியூயார்க்கில் மருத்துவமனைகள் உண்டு, ஆலோசகர்கள் உண்டு என்று தள்ளிவிட முடியாதபடி நம் நாட்டிலேயே ஒரு சான்று இருக்கிறது. கோவாவில் அமித் டயஸ், விக்ரம் பட்டேல் முதலானோர் 81 குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். மேல்நிலைப் பள்ளிவரை படித்த உள்ளூர் ஆட்களுக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்து, குறைந்தது பதினைந்து நாளுக்கு ஒருமுறை வீடுகளுக்கு அனுப்பினார்கள். அவர்கள் நோயைப் பற்றி விளக்கினார்கள், சிடுசிடுப்பை எப்படிச் சமாளிப்பது என்று சொன்னார்கள், அரசு உதவிகளுக்கு வழிகாட்டினார்கள், பார்த்துக்கொள்கிறவர் பேசுவதைக் கேட்டார்கள். ஆறு மாதத்தில் பராமரிப்பவர்களின் மனநலம் தெளிவாக மேம்பட்டது, நோயாளியின் நடத்தையால் வந்த தவிப்பும் குறைந்தது. 2008இல் வெளியான ஆய்வு. பன்னிரண்டாவது படித்த ஒருவர், ஒரு வாரப் பயிற்சி, மாதத்துக்கு இரண்டு வருகை. இதற்கு வசதியில்லை என்று சொல்லும் நிலையில் நம் மாநிலங்கள் எதுவும் இல்லை.

இதற்கு நேர்மாறாக எனக்குத் தோன்றும் இன்னோர் இந்திய ஆய்வையும் சொல்லவேண்டும். பக்கவாத நோயாளிகளுக்குப் போதிய பிசியோதெரபிஸ்ட் இல்லாத நாட்டில் வீட்டாருக்கே அந்தப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தால் என்ன? நல்ல எண்ணத்தோடு கேட்கப்பட்ட கேள்விதான். நாடெங்கும் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு நடந்த ‘அட்டெண்ட்’ என்ற ஆய்வின் முடிவு 2017இல் ‘லான்செட்’டில் வந்தது. குடும்பத்தார் பயிற்சி பெற்ற பிரிவிலும் பெறாத பிரிவிலும், ஆறு மாத முடிவில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்தே இருக்கவேண்டியவர்களும் ஒரே அளவில் இருந்தார்கள்: 47 விழுக்காடு. ஏற்கெனவே புரட்டிப் போட்டு, ஊட்டிவிட்டு, துணி மாற்றிக்கொண்டிருக்கிற ஒருத்தியின் கையில் இன்னொரு வேலையைக் கொடுத்ததால் நோயாளிக்குப் பலன் கூடவில்லை. குடும்பத்தைக் கூலியில்லாத பணியாளாக எண்ணிப் போடும் திட்டங்களுக்கு இந்த எண்ணைத்தான் நான் பதிலாகச் சொல்வேன்.

இந்திய மருத்துவத்தில் குடும்பத்தைச் சிகிச்சையில் சேர்த்துக்கொள்ளும் பழக்கத்துக்கு நீண்ட வரலாறு உண்டு, அதில் பெருமைப்படவும் இடமுண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் நெரிசல் தாங்காதபோது டாக்டர் வித்யாசாகர் வளாகத்திலேயே கூடாரம் அடித்து, நோயாளிகளோடு குடும்பத்தாரையும் தங்கவைத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தாரோடு தங்கிச் சிகிச்சை பெறும் முறையையே கைக்கொண்டது. மேலை நாடுகளில் மனநோயாளிகள் குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு மதிலுக்குள் அடைக்கப்பட்ட காலம் அது. ஆனால் அந்தக் கூடாரங்களிலிருந்து இன்றைய அரசு மருத்துவமனை வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருக்கும் உறவினர் வரை, குடும்பம் இல்லாமல் வார்டே நடக்காது என்ற நிலைமை இயல்பாகிவிட்டது. ‘பேஷண்டு கூட யாரு?’ என்ற குரலுக்கு ஓடுகிறவருக்கு ஒரு நாற்காலிகூடக் கிடையாது.

சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ நிறுவனம் மனச்சிதைவு நோயாளிகளின் வீட்டாரை நேரடியாகக் கேட்டது. மேல்நாட்டு அளவுகோல்கள் நம் குடும்பங்களுக்குப் பொருந்தவில்லை என்று கண்டு, ஆர். தாராவும் உடன் பணியாற்றியவர்களும் 1998இல் 40 கேள்விகளோடு தனி அளவுகோல் ஒன்றை உருவாக்கினார்கள். மனச்சிதைவு வந்து கணவர்களால் கைவிடப்பட்ட பெண்களைப் பற்றி 2003இல் தாரா குழு எழுதிய கட்டுரைகளில் வயதான தாய் தகப்பன்மார் வருகிறார்கள். மகளைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிவந்து பார்த்துக்கொள்கிறவர்கள். எழுபது வயதில் நாற்பது வயதுப் பிள்ளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்களுக்கு இன்றைய களைப்பு பெரிய குறையாகத் தெரிவதில்லை. ‘எங்களுக்கப்புறம் யாரு?’ என்பதுதான் அவர்கள் கேள்வி. மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளைப் பெற்றவர்களிடமும் இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். பிள்ளைக்கு ஒரு நாள் முன்னால் நான் போய்விடக் கூடாது என்று வேண்டிக்கொள்கிற தாய்மாரை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சட்டம் இவர்களை எப்படிப் பார்க்கிறது என்பதற்குப் பிரிட்டனில் ஒரு கதை உண்டு. மேரி வெப்ஸ்டர் என்ற பெண் வயதான பெற்றோருக்காக 1954இல் வேலையை விட்டவர். தன்னைப் போன்ற மணமாகாத மகள்களின் நிலையைப் பற்றி 1963இல் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுதினார். குவிந்த பதில்களிலிருந்து ஓர் இயக்கம் பிறந்தது. 1976இல் பராமரிப்பவர்களுக்கு அரசு உதவித்தொகையும் வந்தது, மணமான பெண்களுக்கு மட்டும் கிடையாது. அவர்கள் எப்படியும் வீட்டில்தான் இருப்பார்கள் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்ட ஜாக்குலின் டிரேக் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனார். 1986இல் வழக்கில் வென்ற பிறகே அந்த விலக்கு நீங்கியது. ‘எப்படியும் வீட்டில்தான் இருப்பாள்’ என்ற வாக்கியத்தை நம் ஊரில் யாரும் சட்டமாக எழுதவில்லை, எழுதாமலே அது நடக்கிறது.

நம்மிடமும் ஏடுகளில் சில நல்ல வரிகள் ஏறியிருக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பராமரிப்பாளர் என்ற சொல்லுக்கு இலக்கணம் சொல்லும்போது பெற்றோரையும் மற்றக் குடும்பத்தாரையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது, ஊதியம் பெற்றாலும் பெறாவிட்டாலும். கூடுதல் ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்குவது பற்றியும் பேசுகிறது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி, வீட்டு வேலை செய்யும் மனைவிக்கும் கணவன் சேர்த்த சொத்தில் பங்குண்டு என்று தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பர் 15இல் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை, மாதம் 1,000 ரூபாயை ‘உரிமை’ என்று அழைத்தது. அந்தச் சொல் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அது தகுதி வரம்புக்குள் வரும் குடும்பத் தலைவிகளுக்குப் பொதுவான தொகை. இரவில் நாலு தடவை எழுந்து புரட்டுகிறவளுக்கென்று தனியாக எதுவும் அதில் இல்லை. கேரளம் 2010 முதல் ‘ஆசுவாசகிரணம்’ என்ற பெயரில், படுக்கையிலிருப்பவரைப் பார்த்துக்கொள்வோருக்கு என்றே மாதந்தோறும் ஒரு தொகை ஒதுக்கியது. தொகை சொற்பம், நிலுவை விழுந்ததும் உண்டு. என்றாலும் விண்ணப்பத்தில் பார்த்துக்கொள்கிறவரின் பெயரை எழுத ஓர் இடம் இருந்தது.

இதெல்லாம் நம் மாநிலத்துக்கு ஏன் அவசரம் என்றால், ஆள் குறைந்துகொண்டே வருகிறது. தமிழ்நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 2021இல் மக்கள்தொகையில் 13.6 விழுக்காடு என்றும், 2031இல் 18.2 விழுக்காட்டை எட்டுவார்கள் என்றும் அரசின் மதிப்பீடு. கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. ஒரு பெண்ணுக்குச் சராசரிப் பிள்ளைப்பேறு 2020இல் 1.4. அந்த ஒன்றரைப் பிள்ளையும் பெங்களூரிலோ நியூஜெர்சியிலோ இருக்கிறது. ஆள் நிறைந்த வீட்டில் சுமை குறையும் என்று 10/66 ஆய்வு சொன்னதே, அந்த வீடுதான் மறைந்துகொண்டிருக்கிறது. காரைக்குடியிலிருந்து பஸ் பிடித்து வர இனி அத்தைகள் இல்லை. வசதியுள்ளவர்கள் ஏஜென்சி மூலம் அட்டெண்டர் வைத்துக்கொள்கிறார்கள். அந்த அட்டெண்டரம்மா பன்னிரண்டு மணி நேரம் யாரோ ஒருவரின் தாயைப் பார்த்துக்கொள்ளும்போது தன் தாயைப் பக்கத்து வீட்டாரிடம் விட்டுவிட்டு வந்திருப்பார்.

வீட்டுக்கு வருகிற ஆள் என்றால் நம்மிடம் ஏற்கெனவே ஓர் அமைப்பு இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், தன்னார்வப் பெண்கள் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தருகிறார்கள். படுக்கையில் இருப்போருக்கு நோய்த்தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வருகிறார்கள். நல்ல திட்டம், இதை மனதாரச் சொல்கிறேன். கதவைத் திறந்து ‘வாங்க’ என்று உள்ளே அழைத்துப்போகிற பெண்ணுக்கும் அதில் ஒரு பதிவேடு வேண்டும். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், மாற்றிவிட யார் இருக்கிறார்கள் என்று இரண்டு கேள்வி. கோவாவில் செய்ததுபோல் ஒரு வாரக் கூடுதல் பயிற்சி. ஊராட்சிக்கு ஒன்றாக இல்லாவிட்டாலும் வட்டாரத்துக்கு ஒன்றாக, நோயாளியை நாலு நாள் விட்டுவிட்டுப் போகக் கட்டில்கள் கொண்ட இடம். மகள் பிரசவத்துக்கோ தன் கண் ஆபரேஷனுக்கோ போகவேண்டிய பெண்ணுக்கு இன்றைக்கு அப்படி ஓர் இடம் எளிதில் கிடைப்பதில்லை. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் சுரேஷ்குமாரும் ராஜகோபாலும் தொடங்கிய வலிநிவாரண மருத்துவமனையிலிருந்து கிளைத்து, மலப்புறம் மாவட்டமெங்கும் அண்டை அயலார் தன்னார்வலராக மாறிய கதையில், பார்த்துக்கொள்கிறவரைச் சற்று நேரம் மாற்றிவிடுவதும் நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வாரத்தில் ஒரு நாள் வந்து உட்கார்ந்தார், வீட்டுக்காரம்மா ரேஷன் கடைக்குப் போய்வந்தாள். 2008இல் கேரளம் அந்த நோய்த்தணிப்புப் பணியைக் கொள்கையாகவே ஆக்கிக்கொண்டது.

அப்பத்தாவுக்கு மாதம் ஒருமுறை வீட்டுக்கே வந்து பிரஷர் பார்க்க ஒரு டாக்டர் இருந்தார். நல்ல மனிதர், பல மாதம் காசு வாங்கவில்லை. அவர் பையிலிருந்து கருவியை எடுத்து அப்பத்தாவின் இடது கையில் பட்டையைச் சுற்றும்போது அம்மா அந்தக் கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆறு வருஷம் அப்படி நின்றாள். அப்பத்தா போய் மறு வருஷம் குழாயடியில் குடத்தோடு மயங்கி விழுந்தபோதுதான் அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு வந்து நாளாயிற்று என்று தெரிந்தது. நோட்டில் மூன்று இடத்தில் ஒரே வரி இருக்கிறது. 1994 வைகாசியில் ஒன்று, கார்த்திகையில் ஒன்று, மறு வருஷம் தை மாதம் ஒன்று: ‘டாக்டர் வந்தா எனக்கும் ஒருக்கா பிரஷர் பாக்கச் சொல்லணும்.’ மூன்றும் அடிக்கப்படாமல் அப்படியே கிடக்கின்றன. தை மாதத்து வரிக்குக் கீழே, ‘8 மணி வலது.’